இருட்டிலும் வரும் குமிழி

ஸி மொன்தரின் கண்ணுக்குக் குமிழி தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, சாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

"எங்கேம்மா குமிழி?"

"வருது, ஸி மொன்தர். அந்தக் கம்பியோட நுனியைப் பாருங்க. ஊசிமுனை அளவுல வருது," என்றாள் விதாத்.

"ஊசிமுனை அளவுலயா." அவர் நிமிர்ந்தார். "நாளைக்கு அமைச்சகத்துலேருந்து ஆலோசகர் வர்றார். அவர் கையில பூதக்கண்ணாடியைக் குடுத்து, ஐயா கொஞ்சம் குனிஞ்சு பாருங்கன்னு சொல்லப்போறியா? அவருக்கு இருக்கிற தொப்பைக்குக் குனிஞ்சார்னா நிமித்த நாலு பேர் வேணும்."

"இன்னிக்கு வானம் சரியில்ல. பாலைவனத்து ஷிஹீலிக் காத்து அடிக்குது. புழுதி அடங்கி வெயில் வந்துட்டா இன்னும் கொஞ்சம் வரும்."

"இன்னும் கொஞ்சம்னா?"

"இன்னும் கொஞ்சம் ஊசிமுனை," என்றான் பின்னால் நின்ற கைஸ். சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வெளியே ஒலிவத் தோப்புகளுக்கு நடுவில் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குப் 'பசுமை ஹைட்ரஜன் மற்றும் உயிர்வளங்களுக்கான உயராய்வு மையம்' என்று பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட அகலம். ஸி மொன்தர் அதன் இயக்குநர்; அங்கே 'ஸி' என்றால் 'ஐயா'. இளமையில் அவரும் சாடி கழுவியவர்தான். இயக்குநரான பிறகு அவர் கை தொட்ட ஒரே கருவி ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல். கைஸ் கணினியில் மாதிரிகள் போடுகிறவன். அவன் திரையில் ஹைட்ரஜன் ஆறாக ஓடும். நிஜச் சாடியில் விரல் நனைத்தவன் இல்லை.

சாடியில் விரல் நனைப்பதற்கு விதாத் இருந்தாள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருக்கும் டாக்டர். அண்ணன் வீட்டில் குடியிருப்பு. அண்ணன் லுவாஜ் வண்டி, அதாவது ஆள் சேர்த்து ஊருக்கு ஊர் போகும் வாடகை வண்டி, ஓட்டுகிறவர். "டாக்டரம்மாவுக்கு இந்த வருஷமாவது நிரந்தரமா, இல்ல மறுபடி சீட்டுக்குலுக்கலா?" என்று பயணிகள் முன்னாலேயே கேட்பார்.

அவளுடைய சாடிக்குள் நடப்பதைச் சொல்வது சுலபம், நடத்துவதுதான் பாடு. ஊரில் பம்பலோனி சுடுகிறவர்கள், அதாவது நடுவில் ஓட்டை போட்ட மாவுப் பலகாரத்தைப் பொரித்துச் சர்க்கரை தூவி விற்கிறவர்கள், கறுத்துப்போன எண்ணெயை ஒரு பட்டறைக்குக் கொடுக்கிறார்கள். பட்டறை அதை டீசலாக்குகிறது. மிச்சமாகக் கிடக்கும் கொழகொழ கிளிசரினை நாய்கூடச் சீந்தாது. விதாத் சீந்தினாள். அதை வடிகட்டித் தண்ணீரில் கரைத்துச் சாடியில் ஊற்றி, மஞ்சள் பூச்சு பூசிய கண்ணாடித் தகடு ஒன்றை அதற்குள் இறக்கினாள். தகட்டின் முதுகில் சின்னதாக ஒரு சோலார் சில்லு. வெயில் பட்டால் தகட்டில் கிளிசரின் உருமாறி விலைபோகிற பண்டமாகும். எதிரே இருக்கும் பிளாட்டினக் கம்பியில் ஹைட்ரஜன் குமிழிவிடும். வெறும் தண்ணீரை இப்படிப் பிரிக்க அந்தத் தகட்டுக்குத் தெம்பு போதாது. கிளிசரின் சீக்கிரம் மசியும் சரக்கு. மின்இணைப்பு வேண்டாம், பேட்டரி வேண்டாம், வெயில் மட்டும் போதும் என்பதுதான் அவள் சாதித்தது. அதனால் குமிழி சின்னது. ஆனால் நிஜக் குமிழி.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருடைய செல்லை, அதாவது இந்த மாதிரி வெயில் சாடியை, பார்க்கப் போனாலும், சலாம் சொல்வதற்கு முன்னால், வெளிச்சம் விழுகிற பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மறைத்துப் பார்ப்பார்கள். மாடு வாங்குகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுபோல. குமிழி நின்றால் வேலை செய்வது வெயில். நிற்காவிட்டால் உள்ளே வேறெதோ இருக்கிறது. விதாத்தின் கை ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சாடியின் முன்னால் போய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"இந்தா பாரு மகளே," என்றார் ஸி மொன்தர். அவர் 'மகளே' என்றால் ஏதோ வேண்டும் என்று பொருள். கோபம் வந்தால் 'டாக்டர் விதாத்'. "மையத்துக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கு. நாளைக்கு வர்ற ஸி ரவூஃப்தான் தேர்வுக் குழுவுக்கும் தலைவர். அவர் மனசு குளிர்ந்தா அந்த நாற்காலி உனக்கு. கைஸும் விண்ணப்பம் போட்டிருக்கான், அது வேற. நீ நல்லாத் தூங்கி, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. மேசை கீசை அலங்காரமெல்லாம் கைஸ் பாத்துக்குவான்."

அவள் போய்விட்டாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான் என்று பிற்பாடு அவளே கணக்குப் போட்டாள். சாடியை விட்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை புழுதி அடங்கி, வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. முற்றத்தின் நடுவில் மேசை. மேசைமேல் தரை வரைக்கும் தொங்கும் பச்சை வெல்வெட் விரிப்பு. அதன்மேல் சாடி, வெயிலைப் பார்த்து. சாடியின் கழுத்தில் யாரோ வெள்ளி மீன் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள், கண்ணேறு படாமலிருக்க. விதாத் கிட்டே போனாள். குமிழிகள்.

ஊசிமுனைக் குமிழி இல்லை. கடலைப் பருப்பு அளவுக்குத் திரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியை விட்டுக் கிளம்பி மேலே ஓடிக்கொண்டிருந்தன. சாடி சர்பத்துக் கடைச் சோடாவைப்போலச் சளசளத்தது. நேற்று வரை தவழ்ந்த பிள்ளை இன்று ஓடுவதைப் பார்த்த தாய் என்ன நினைப்பாளோ அதைத்தான் அவளும் நினைத்தாள். வெயில், நல்ல வெயில், பூச்சு ஊறிப் பக்குவமாகியிருக்கிறது. மனசு காரணங்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தது. பொறியியலும் ரசாயனமும் படித்த மனசு, கேட்டால் எதற்கும் காரணம் கொடுக்கும். கையை வைத்து மறைத்துப் பார்க்க எழுந்த விரலைக் கைஸ் தடுத்தான்.

"தொடாதே. வண்டிங்க உள்ள வந்தாச்சு. வாசல்ல வந்து நில்லு."

இரண்டாவது தப்பு அது.

ஸி ரவூஃப் கறுப்புக் காரிலிருந்து பகுதி பகுதியாக இறங்கினார். முதலில் வயிறு, பிறகு கைத்தடி, பிறகு அவர். தலைநகரத்துக்காரர், அமைச்சரின் ஆலோசகர், எதற்கு ஆலோசனை சொல்கிறார் என்று அமைச்சருக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். இன்னொரு காரிலிருந்து மெலிந்து உயர்ந்த ஒரு பெண்மணி இறங்கினார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தட்டைச் செருப்பு. மதாம் ஷெத்லியா. மஹ்தியாவில் பிறந்து ஜெர்மனியில் இந்தத் துறையையே கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். விதாத் அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் மஞ்சள் பூச்சையே கற்றுக்கொண்டாள். இறங்கியதும் அவர் நேராக அவளிடம் வந்தார்.

"நீதானே விதாத்? உன் ஆய்வு முடிவுகளைப் பாத்துட்டுத்தான் வந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் உன்கூட தனியாப் பேசணும். என் குழுவுல ஒரு இடம் இருக்கு."

விதாத் தலையை ஆட்டினாள். ஒரு நாற்காலிக்குத் தவம் கிடந்தவளுக்கு அன்று காலையில் இரண்டு நாற்காலிகள் தெரிந்தன.

ஸி மொன்தர் உரையாற்றினார். அவர் உரையில் எப்போதும் வரலாறு முதலில் வரும். கார்த்தேஜில் தொடங்கினார். ரோமாபுரிக்கு எண்ணெய் அனுப்பிய மண் என்றார். ஒரு வழியாகக் கிளிசரினுக்கு வந்து சேர்ந்தபோது நிழல் ஒரு முழம் நகர்ந்திருந்தது. "நம்ம பம்பலோனி எண்ணெய், நம்ம வெயில், நம்ம மூளை. ஒரு பக்கம் ஹைட்ரஜன். இன்னொரு பக்கம் என்ன கிடைக்குது தெரியுங்களா? ஐரோப்பியர்கள் வெயில்ல நிக்காமலே தோலைப் பழுப்பாக்கிக்கத் தடவுற களிம்பு இருக்கே, அதோட மூலப்பொருள்."

ஸி ரவூஃப் நெற்றியைச் சுருக்கினார். "இருங்க, இருங்க. அவங்க அதை அங்கேயே தடவிக்கிட்டா இங்க கடற்கரைக்கு யார் வருவா? சுற்றுலா அமைச்சர் என்னைத் தின்னுடுவார்."

"அது... அளவாத்தான் தயாரிப்போம்," என்றார் ஸி மொன்தர்.

"அப்புறம் ஒரு சந்தேகம். ஸ்ஃபாக்ஸ்காரன் ஒரே எண்ணெயில ரெண்டு தடவை பொரிப்பான், மூணாவது தடவை அதை வித்துடுவான். நாலாவது தடவையா ஹைட்ரஜன் எடுக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் கொஞ்சம் பலமாகவே சிரித்தார்கள், வலிக்கவில்லை என்று காட்ட.

பிறகு மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். ஸி ரவூஃப் குனியவே தேவை இருக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்தே குமிழிகள் தெரிந்தன. "மாஷா அல்லாஹ்," என்றார். "இது ஆராய்ச்சி. போன மாசம் வேற ஒரு மையத்துல வெறும் கோடு கோடாப் படம் காட்டினாங்க."

மதாம் ஷெத்லியா குமிழிகளைப் பார்த்தார். புருவம் லேசாக நெருங்கியது. பிறகு, சமையற்காரி உப்புப் பார்க்க விரல் நீட்டுவதுபோல, யோசிக்காமல், வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, வெயிலுக்கும் சாடிக்கும் நடுவில் வைத்தார்.

ஸி ரவூஃப் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் அந்நிய மண்ணில் இருந்தும் இந்த அம்மாள் பிறந்த மண்ணின் வழக்கத்தை மறக்கவில்லையே என்று அவருக்கு ஒரே நெகிழ்ச்சி. நல்ல பொருளைக் கண்டால் ஐந்து விரலை விரித்துக் காட்டினால் பொறாமைக் கண் குருடாகும்.

"கம்ஸா உ க்மீஸ்," என்றார் உருக்கமாக. "கண்ணு படக்கூடாது. அருமை, மதாம், அருமை." சொன்னதோடு நிற்கவில்லை. மோதிரம் போட்ட தன் கனத்த கையையும் விரித்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆலோசகர் கை வைத்தால் மற்றவர்கள் கையைப் பாக்கெட்டில் வைத்திருக்க முடியுமா? துணை ஆலோசகர் வைத்தார். நகராட்சியிலிருந்து வந்தவர் வைத்தார். படமெடுக்கிறவன் ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை வைத்தான். கைஸ் பக்தியோடு வைத்தான். ஸி மொன்தருக்கு இளமையில் சாடி கழுவிய ஞாபகம் அப்போதுதான் எங்கிருந்தோ திரும்பி வந்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனாலும் வைத்தார். வேறு வழி? சாடியைச் சுற்றி உள்ளங்கைகளால் ஒரு குடிசையே கட்டியாகிவிட்டது. உள்ளே கும்மிருட்டு.

அந்த இருட்டில் சாடி சளசளவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூடத் தயங்கவில்லை.

விதாத் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. அடுத்த கணம் பச்சை வெல்வெட் ஏன் தரை வரை தொங்குகிறது என்று புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அதுவும் அவள் சோற்றில்.

"இருட்டுல ஓடுதே, விதாத்," என்றார் மதாம் ஷெத்லியா. குரல் மெல்லியது. கையை எடுக்கவில்லை. "ஏன்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஸி மொன்தர் பார்த்த பார்வையில் மையத்தின் கூரை, பெயர்ப்பலகை, நிரந்தர நாற்காலி எல்லாம் இருந்தன. மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். விரிப்பைத் தூக்கியிருக்கலாம். சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். ஆனால் அண்ணனுடைய லுவாஜ் வண்டி அவள் காதுக்குள் ஹாரன் அடித்தது.

"மின்னூட்டம் தேங்கியிருக்கு, மதாம்," என்றாள். "பூச்சுக்குள்ள. காலையிலேருந்து வெயில்ல இருந்ததால. கொஞ்ச நேரம் ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

மதாம் ஷெத்லியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூச்சைப் பற்றி அவள் படித்ததெல்லாம் அவர் எழுதியது. அதில் மின்னூட்டம் கண் சிமிட்டும் நேரம்கூடத் தேங்காது என்பதும் அவர் எழுதியதே. அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். பாத்திரத்தில் பல்லி கிடப்பதைப் பார்த்தவர் கையை எடுப்பதுபோல.

ஆனால் ஸி ரவூஃப் காதில் ஒரு சொல் விழுந்துவிட்டது.

"தேங்கியிருக்கா? அப்படின்னா இது வெயிலைச் சேத்து வெச்சுக்குதா?"

"ஆமாங்க," என்றார் ஸி மொன்தர். அவருக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்போ ராத்திரியும் ஓடுமா?"

"ஓடும்ங்க. அதுதானே இதோட சிறப்பே. உரையில கடைசியாச் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னய்யா நீங்க, இதை முதல்ல சொல்றதை விட்டுட்டு கார்த்தேஜைப் பிடிச்சுத் தொங்கறீங்க. வெயில் இல்லாத சூரிய சக்தி. ஐரோப்பாவுக்கே வெயில் கிடையாது, அவங்களுக்கு இதுதானே வேணும்." துணை ஆலோசகரைப் பார்த்தார். "இதை அமைச்சருக்குச் சொல்லணும். இன்னிக்கே."

சாப்பாடு உள்ளே. சர்மூலா என்னும் வெங்காய உலர்திராட்சைக் குழம்பு ஊற்றிய உப்பு மீன், பெரிய பெரிய மீனாக. எல்லோரும் போனார்கள். மதாம் ஷெத்லியா போகவில்லை. முற்றத்திலேயே நின்றார். விதாத்தும் நின்றாள்.

அவர் தட்டைச் செருப்பின் நுனியால் வெல்வெட் விரிப்பை விலக்கினார். அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, காலைச் சுருட்டிக்கொண்டு தூங்குகிற பூனைபோல உட்கார்ந்திருந்தது. இரண்டு கம்பிகள் மேசையின் கால் வழியாக ஏறிச் சாடிக்குப் போயின.

"எனக்கு இது தெரியாது," என்றாள் விதாத். "சத்தியமாத் தெரியாது. கை வெச்சப்பதான் தெரிஞ்சுது."

"நம்பறேன். முகத்துல தெரிஞ்சுது." அவர் விரிப்பைக் கீழே விட்டார். "அப்புறம் நான் கேட்டேன். நீ பதில் சொன்னே. அப்போ உனக்குத் தெரியும்."

விதாத் குனிந்தாள். கம்பிகளைப் பிடுங்கி எறிந்தாள். தகட்டையும் சில்லையும் தன் பழைய இணைப்பில் மாட்டினாள். சாடியை வெயிலுக்கு நேராகத் திருப்பினாள். "பாருங்க மதாம். தயவுசெஞ்சு பாருங்க."

சளசளப்பு அடங்கியது. கொஞ்சம் பொறுத்து, கம்பி நுனியில் ஊசிமுனைபோல ஒன்று. பிறகு இன்னொன்று. நூல் பிடித்ததுபோல மெல்லிய வரிசை. விதாத் கையை வைத்து மறைத்தாள். வரிசை அறுந்தது. எடுத்தாள். வந்தது. மறைத்தாள். நின்றது.

மதாம் ஷெத்லியா குனிந்து, நெடுநேரம் பார்த்தார். தன் கையாலும் மறைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நொடி, தொழில் தெரிந்தவருக்குத் தொழில் தெரிந்தவரின் வேலையைக் கண்டால் வரும் பசி தெரிந்தது. பிறகு அவர் சாடியைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். மேசையின் மறுபக்கம் போய்ப் பார்த்தார். விதாத்தின் சட்டைக் கைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அதைத்தான் விதாத்தால் தாங்க முடியவில்லை.

"இதுல ஒண்ணுமில்ல மதாம்."

"இல்லாம இருக்கலாம். அழகான வேலை. நிஜமாவே அழகான வேலை." கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "ஆனா பாரு, இன்னிக்கு இதே மேசையில நான் ரெண்டு வித்தை பாத்தேன். ரெண்டையும் நீதான் விளக்கினே. முதல் விளக்கம் பொய். ரெண்டாவதை எதை வெச்சு நம்பறது?"

"என் முடிவுகளைப் படிச்சீங்களே."

"படிச்சேன். இனிமே அதையும் வேற கண்ணோட படிக்கணும். என்கிட்ட வேலை பண்றவங்க ராத்திரி தனியா இருந்து ஒரு எண்ணைச் சொல்வாங்க, காலையில நான் அதை நம்பி அடுத்த படியைக் கட்டுவேன். கெட்டிக்காரங்க எனக்கு நிறையக் கிடைக்கிறாங்க, மகளே. ஒரு கேள்விக்குத் தெரியாதுன்னு சொல்றவங்கதான் கிடைக்கறதில்ல."

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"தெரியுது. போச்சு," என்றார் மதாம் ஷெத்லியா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்ச ஒரு இடம் கிடைத்திருக்கும். உள்ளே போய் இரண்டு வாய் மீன் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். விமானத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையால் லாபம் அடைந்தது ஸி மொன்தர்.

அந்த வாரமே வெயில் வேண்டாத சூரியக் கலம் பற்றி அமைச்சர் எங்கோ பேசினார். பத்திரிகைகள் எழுதின. ஏழெட்டு உள்ளங்கைகள் ஒரு சாடியை மூடியிருக்கும் படம் முதல் பக்கத்தில் வந்தது. மையத்துக்குப் புதுக் கட்டடம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கைஸ் தன் கணினியில் அதற்கு ஒரு மாதிரி போட்டான். மாதிரியில் இரவில்தான் கலம் இன்னும் நன்றாக ஓடியது.

"பேட்டரியை வெச்சவன் மறைச்சா நிக்கற மாதிரி ஒரு சுவிட்சாவது வெச்சிருக்கக் கூடாதா?" என்று விதாத் ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"மறைச்சா நிக்கணும்னு எனக்கு யார் சொன்னா?" என்றான் கைஸ் உண்மையான வியப்போடு. "எங்க மாதிரியில வெயில் எப்பவும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். தவிர, நின்னிருந்தா இவ்வளவு பேரும் புகழும் வந்திருக்குமா?"

தேர்வுக் குழு கூடியது. நீள மேசை. நடுவில் ஸி ரவூஃப், வலப்பக்கம் ஸி மொன்தர், இடப்பக்கம் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அவர் கடைசிவரை பாதாம் இனிப்போடு மட்டுமே பேசினார். விதாத் நல்ல சட்டை போட்டிருந்தாள். பல இரவுகள் புரண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஒரு பொய் ஒரு இடத்தைத் தின்றுவிட்டது. இன்னொரு இடத்தையாவது உண்மையால் வாங்க வேண்டும்.

"டாக்டர் விதாத்," என்றார் ஸி ரவூஃப். "உங்க விண்ணப்பத்துல ஒரு செல்லைப் பத்தி எழுதியிருக்கீங்க. வெயில் இருந்தாத்தான் அது ஓடுமா?"

"ஆமாங்க."

"மறைச்சா?"

"நின்னுடும்."

"அப்போ அன்னிக்கு நாங்க பாத்தது?"

ஸி மொன்தர் தன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். விதாத் அவரைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு மேசைக்கு அடியில பேட்டரி இருந்துச்சுங்க. அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். என் செல்லு வேற. அது சின்னக் குமிழிதான் விடும், ஆனா நிஜமாவே வெயில்லேருந்து விடும். கிளிசரினை வெச்சு, வெளி மின்சாரம் இல்லாம இதைச் செய்யறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதை நீங்க பாக்கணும்."

பொருளாதாரப் பேராசிரியர் மெல்லுவதை நிறுத்தினார். ஸி ரவூஃப் நாற்காலியில் சாய்ந்தார். வயிறு முதலில் குலுங்கியது, பிறகு சிரிப்பு வந்தது.

"பேட்டரின்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே, மகளே? அன்னிக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். கையை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னா என் பையன் சோத்துத் தட்டுல மூஞ்சியை வெச்சுச் சிரிக்கறான். அப்பா, அதுல பேட்டரி இருக்கும்ப்பாங்கறான். ஆனா அதுக்குள்ள அமைச்சர் பேசிட்டார். மேல ஏறின பேச்சைக் கீழ இறக்க இந்த நாட்டுல ஏணி கிடையாது."

"அப்படின்னா..."

"அப்படின்னா என்ன? அந்த மதாம் கேட்டப்போ நீ ஒரு பதில் சொன்னியே, தேங்கியிருக்குன்னு. அடடா. அந்தப் பதிலாலதான் இந்தக் கட்டடமே வருது. நான் அப்புறம் மொன்தர்கிட்ட சொன்னேன், இந்தப் பொண்ணுக்கு நேரம் காலம் தெரியுதுன்னு. நாற்காலி உனக்குத்தான்னு முடிவு பண்ணிட்டுத்தான் இங்க உக்காந்தேன். இன்னிக்கும் அதே பதிலைச் சொல்லிட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்." கைகளை விரித்தார். "நிரந்தர இடம், பாரு. உள்ளே வந்துட்டா நாங்களே நெனச்சாலும் வெளியே அனுப்ப முடியாது. திடீர்னு உண்மை பேசற வியாதி இருக்கிறவங்களை எப்படி எடுக்கறது?"

கைஸுக்கு இடம் கிடைத்தது. கைஸ் உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம்தான். அவனிடம் என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

ஸி மொன்தர் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தார். முகத்தில் பகை இல்லை. ஜெயித்தவர்களுக்கு வரும் இரக்கம் இருந்தது, அது பகையைவிட மோசம்.

"உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஆனா நான் கைவிடற ஆள் இல்ல. புதுக் கட்டடத்துல கண்காட்சிக் கூடம் ஒண்ணு வருது. அந்தக் கலத்தைப் பாக்க ஜனங்க வருவாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருவாங்க. விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேணும். வருஷ ஒப்பந்தம். உனக்குத்தான் விளக்கம் நல்லா வருதே."

"என்னோட செல்லு?"

"எது? அந்த ஊசிமுனையா? கைஸ் அந்தச் சாடியைக் கேக்கறான், எடுத்துக்கட்டும். உனக்கு எதுக்கு இனிமே?"

"நான் யோசிக்கணும், ஸி மொன்தர்."

"யோசி, மகளே, தாராளமா யோசி." அவர் படிக்கட்டுப் பக்கம் தலையால் காட்டினார். அங்கே நேர்காணலுக்கு வந்துவிட்டு இன்னும் போகாமல் ஐந்தாறு பேர் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் டாக்டர்கள். ஒருவன் தன் ஷூவைக் கழற்றி அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஒரு பெண் காகிதப் பொட்டலத்திலிருந்த ரொட்டியைப் பாதி பிய்த்துப் பக்கத்திலிருந்தவளுக்குக் கொடுத்தாள். "அவங்க யாருக்கும் யோசிக்க நேரமில்ல போல," என்றார் ஸி மொன்தர்.

விதாத் படிக்கட்டைப் பார்த்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தின் பாதி வரை வந்திருந்தது.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.